தங்குவதா, வந்து போவதா

1

ஜெர்மனியில் பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் மற்றவர்களுக்கு இனிப்பு வாங்கிப் போக வேண்டும். இது தெரியாமல், வந்த புதிதில் என் பிறந்தநாளன்று வெறுங்கையோடு வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் வரை எல்லோரும் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் மறுபடி அந்த நாள் வந்தது. கடையில் இனிப்புக்கு நின்றபோது, போன ஆண்டு இதே நாளில் தொடங்கிய ஒன்றை ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் இருப்பது பிரேமன் நகரத்தில். துறைமுகத்தை ஒட்டிய ஒரு காப்பிக்கொட்டைக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை. போன ஆண்டு, பார்க்க அழகாக இருந்த பெரிய சாக்லேட் டப்பா ஒன்றை வாங்கிப் போயிருந்தேன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஹோல்கர் ஒன்றை எடுத்தார். வாயில் போடுமுன் திருப்பிப் பார்த்தார்.

"இதற்குள் மது இருக்கிறதா?"

நான் கவனித்திருக்கவில்லை. டப்பாவின் மூடியைப் படித்தேன். இருந்தது.

"அப்படியென்றால் எனக்கு வேண்டாம். நான் குடிநோயாளி. விட்டுப் பல வருஷம் ஆகிறது" என்று சொல்லிவிட்டு, சாக்லேட்டை வைத்த இடத்திலேயே வைத்தார். பக்கத்தில் யாரோ நறுக்கி வைத்திருந்த ஆப்பிளை எடுத்துக்கொண்டார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் தலையைக் குனியவில்லை. கணக்குப் பிரிவு அம்மாள் காப்பிக்குப் பால் எங்கே என்று கேட்டார். சர்க்கரை நோய் உள்ளவர் 'எனக்கு இனிப்பு வேண்டாம்' என்றால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ அப்படி எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் இருந்தது 'அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு' என்கிற ஒரு வாக்கியம்தான். அதையும் மெதுவாகத்தான் சொல்லுவோம்.

2

அவர் என் அண்ணன் சண்முகவேல். ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று, தென்காசிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான இலஞ்சிக்கு வந்தவர். முருகன் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சியம்மாள் மதினிக்கு அங்கன்வாடியில் வேலை. பிள்ளைகள் இல்லை.

அண்ணன் குடித்துவிட்டுக் கத்துகிறவர் அல்ல. அதனால்தான் இவ்வளவு காலம் ஓடியது. ராணுவ கேன்டீனில் வாங்கும் மது பாட்டிலைப் பம்ப்செட் அறைக்குக் கொண்டுபோவார், பேசாமல் உட்கார்ந்திருப்பார். முதலில் சாயங்காலம் மட்டும் இருந்தது. பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் என்று ஆனது. கடைசியில் விடிந்ததும் பல் தேய்க்குமுன் என்று ஆகிவிட்டது. 'மிலிட்டரிக்காரர், குடிக்கத்தான் செய்வார்' என்று ஊரே அதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தது.

என் பிறந்தநாள் முடிந்து சில வாரங்களில் ஒரு மத்தியானம் மதினி அழைத்தார். நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"வள்ளி, ஒங்கண்ணன் தென்னமரத்துல ஆளு ஏறி ஒளிஞ்சிருக்கான்னு கல்லெடுத்து எறியுதாரு. அங்கன ஒரு குருவி கூடக் கெடையாது. எனக்கு என்ன செய்யன்னே தெரியலட்டி."

"குடிச்சிருக்காரா மதினி?"

"அதான் இல்ல. முந்தாநாளு கோயில்ல போயி விபூதி பூசிட்டு, இனிமே தொடமாட்டேன்னு வந்தாரு. நானும் சந்தோசப்பட்டேன். அதுல இருந்து ஒறக்கமும் கெடையாது, சோறும் கெடையாது. ஒடம்பு வெடவெடன்னு ஆடுது."

பேசிக்கொண்டிருக்கும்போதே மதினி அலறினார். அண்ணன் விழுந்துவிட்டார், வலிப்பு. தோப்பில் தேங்காய் வெட்ட வந்தவர்கள் ஆட்டோவில் ஏற்றித் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வருஷக்கணக்காகக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. குடிதான் கொல்லும் என்று நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரி வைத்தியத்தில் மருந்து கொடுத்துப் படிப்படியாக நிறுத்த வேண்டுமாம். சாமியிடம் சத்தியம் செய்துவிட்டு வீட்டில் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிற விஷயம் இல்லையாம்.

3

ஊருக்குப் போக விடுப்பு கேட்கப் போனேன். காரணம் சொல்ல வாய் வரவில்லை. கல்லீரல், காய்ச்சல் என்று ஏதேதோ மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு நின்றேன். விடுப்புக்குப் பொறுப்பான அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நோயின் பெயர் எனக்குத் தேவையில்லை. உடன்பிறந்தவரா? அது போதும்" என்றார்.

வெளியே வந்து ஹோல்கரைத் தேடிப் போனேன். எனக்குத் தெரிந்து உலகத்தில் இதைப் பற்றிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கடைசி வரை கேட்டார்.

"நான் முதலில் ஸ்டாட்சியோனேர் போனேன். பிறகு பல மாதம் ஆம்புலான்ட்" என்றார்.

எனக்கு முதல் வார்த்தை காகிதம் பேனா விற்கும் ஸ்டேஷனரி கடை போல ஒலித்தது. இரண்டாவதை நான் ஆம்புலன்ஸ் என்றே நினைத்தேன். "பல மாதமாக ஆம்புலன்ஸிலா இருந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். ஹோல்கர் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். முதலாவது, அங்கேயே தங்கி வைத்தியம் பார்ப்பது. இரண்டாவது, வீட்டிலிருந்து வந்து போவது. இரண்டு வார்த்தையையும் நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

"எது நல்லது?"

"எனக்குத் தங்கியதுதான் உதவியது. என் வீட்டில் அப்போது யாரும் இல்லை" என்றார்.

நான் முடிவு செய்துவிட்டேன். அண்ணனை எங்காவது நல்ல இடமாகப் பார்த்துத் தங்க வைத்துவிட வேண்டும். அப்போதுதான் மதினிக்கும் மூச்சு விட முடியும்.

அன்றைக்கு வீட்டில் பெட்டி கட்டும்போது என் மகள் மீரா வந்து நின்றாள். பதின்மூன்று வயது. அவளுடைய தமிழ் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் சுருங்குகிறது. மாமாவிடம் ஃபோனில் பேசச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் ஓடிவிடுவாள்.

"மாமாவுக்கு என்ன?"

"வயித்துல கொஞ்சம்..."

"அப்பாகிட்ட சொன்னது கேட்டுச்சு. குடி. அது நோய்தானே? ஏன் சின்னதாப் பேசுறீங்க?"

மெதுவாக என்பதற்குத்தான் 'சின்னதாக' என்றாள். திருத்த வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

4

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு நினைவு தெளிந்திருந்தது. வார்டில் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய உடம்பில் பாதிதான் இருந்தது. என்னைப் பார்த்ததும், "எதுக்குட்டி இவ்வளவு தூரம் வந்த" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நடுக்கம் அடங்கி உடம்பு தேறும்வரை வார்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் பேச்சுக்கே இடம் இல்லை. அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி. அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான், மதினி, ஊரிலிருந்து வந்த எங்கள் சித்தப்பா. நடக்க முடிந்ததால் அண்ணனும் வந்தார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, மறுவாழ்வு மையத்துல சில மாசம் தங்கிப் பாக்கிறது. இன்னொண்ணு, வீட்டுல இருந்துகிட்டு இங்க ஓ.பி.க்கு வந்து போறது. மாத்திரை, கவுன்சிலிங் எல்லாம் ரெண்டுலயும் உண்டு."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சித்தப்பா. "கொண்டு போயி அடைச்சுப் போடுங்க. ஒரு வருசம் கெடந்தா தன்னால புத்தி வரும்."

"அடைக்கிற இடத்துக்கு நான் அனுப்ப மாட்டேன் ஐயா. தங்க வைக்கிறது வேற, அடைக்கிறது வேற" என்றார் டாக்டரம்மா.

நான் ஹோல்கர் கதையைச் சொன்னேன். தங்குவதுதான் நல்லது என்றேன். டாக்டரம்மா கேட்டுவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அதுவரைக்கும் அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "ஏட்டி வள்ளி, என்னய எந்த முகாம்ல வேணும்னாலும் போடு. விசிலடிச்சா எந்திரிப்பேன். படுன்னா படுப்பேன். அங்கன என்னய மாதிரி ஒழுங்கானவன் கெடையாதுன்னு பேரு வாங்கிருவேன். பட்டாளத்துல அத்தன வருசம் அதத்தான செஞ்சேன். வெளிய விட்ட அன்னைக்கி தென்காசி பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குவேன் பாத்தியா, அங்கனதான் எனக்குப் பயம். அங்கன விசிலடிக்க ஆளு கெடையாது. நான் இந்த ஊருக்குள்ள இருந்துதான் பழகணும்."

குடித்துக் குடித்து மழுங்கிப்போன தலை என்று நாங்கள் நினைத்திருந்த தலையிலிருந்து இவ்வளவு தெளிவான வார்த்தை வந்தது. நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னார். "சரி. வீட்டுலயே இருங்க. ஆனா ஒண்ணு. மாத்திரய என் கண்ணு முன்னால போடணும், அத நான் பாத்துக்கிடுதேன். இனிமே ஒங்க சட்டப் பையத் தடவ மாட்டேன். வாய மோந்து பாக்க மாட்டேன். பம்ப்செட் ரூம்ல போயித் தேட மாட்டேன். இத்தன வருசம் அந்தக் காவல் வேலய பாத்தாச்சு. ஆசுபத்திரிக்கு நீங்களாத்தான் போவணும், நீங்களாத்தான் வரணும்."

அண்ணன் தலையை ஆட்டினார். டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார். "தவறிப்போச்சுன்னா மறைக்கக் கூடாது. மறுநாளே வரணும். அப்ப நான் தங்கணும்னு சொன்னா தங்கணும்."

"சரி டாக்டரம்மா."

சித்தப்பா மட்டும் வெளியே வந்ததும், "மிலிட்டரிக்காரன் பேச்சக் கேட்டு எல்லாரும் மயங்கிட்டீங்க" என்றார். எனக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது.

5

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்தில் சீசன் என்றால் மற்றவர்களுக்கு அருவி. குடிக்கிறவன் வீட்டுக்கு அது வேறு. அண்ணனோடு பட்டாளத்தில் இருந்த நண்பர்கள் மதுரைப் பக்கமிருந்து ஒவ்வொரு சீசனுக்கும் வருவார்கள். லாட்ஜில் அறை எடுப்பார்கள். போன வருஷங்களில் எல்லாம் அண்ணன் அங்கே போனால் சில நாள் கழித்துத்தான் வருவார், அதுவும் யாராவது கொண்டுவந்து விட்டால்தான்.

அந்த வருஷமும் ஃபோன் வந்தது. அண்ணன் குளித்து, வேட்டி மாற்றி, "போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். மதினி அங்கன்வாடிக்குப் போகத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

"மதினி, நான் பின்னாலயே போவட்டுமா?"

"போனா அவரு குடிச்சாரா இல்லையான்னு ஒனக்குத் தெரியும். வேற என்ன நடக்கும்?" என்றார் மதினி. கொண்டையை முடிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு கார் வந்து நின்றது. அண்ணன் சொட்டச் சொட்ட நனைந்து இறங்கினார். நான் அவர் நடையைத்தான் பார்த்தேன். நேராக நடந்தார். கார் ஓட்டி வந்த நண்பர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

"ஒங்க அண்ணன் உள்ள வந்ததும் ஒக்காரலம்மா. நின்னுக்கிட்டே சொன்னான். 'எனக்குக் குடிநோய். வலிப்பு வந்து ஆசுபத்திரில கெடந்தேன். இனிமே எனக்கு ஊத்தாதீங்க'ன்னான். ஒருத்தன் பாட்டில எடுத்து அலமாரில வச்சான். பெறவு எல்லாரும் அஞ்சருவிக்குப் போயி நின்னோம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கட்டாயப்படுத்த ஆளில்லாமல், வேவு பார்க்க ஆளில்லாமல், தனியாகப் போய் அந்த அறையில் நின்று அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலையில் மதினியையும் என்னையும் அண்ணன் மெயின் அருவிக்குக் கூட்டிப்போனார். பாலத்திலிருந்து பார்க்கும்போதே மலை முழுக்க வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. எண்ணெய் வாசனையும் மிளகாய் பஜ்ஜி வாசனையும் சாரலோடு கலந்து வந்தன. பெண்கள் பக்கம் மதினியும் நானும் போனோம். தண்ணீருக்கு ஓரடி முன்னால் மதினி நின்றுவிட்டார்.

"என்ன மதினி, பயமா இருக்கா?"

"நான் குளிச்சு எத்தன வருசமாச்சு தெரியுமாட்டி? சீசன் வந்தாலே அவரத் தேடுததுக்குத்தான் இங்கன வருவேன். லாட்ஜு லாட்ஜா ஏறி எறங்குவேன். தண்ணியப் பாத்ததே கெடையாது."

சைக்கிளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண் இத்தனை சீசனும் இந்த அருவியின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்திருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். தண்ணீர் தலையில் இடிபோல விழுந்தது. மதினி முதலில் திணறினார். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டு, தலையைத் தூக்கி, வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே அவருக்கு இடம் விட்டார்கள். நான் ஐரோப்பாவில் எத்தனையோ மலைகளையும் கோயில்களையும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை எங்கேயும் பார்த்ததில்லை.

6

நான் பிரேமனுக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு வாரமும் அண்ணன் பஸ் ஏறித் தென்காசிக்குப் போய் வருகிற செய்தி வந்துகொண்டிருந்தது. நான் மெல்லப் பயத்தை மறந்திருந்தேன். இலையுதிர் காலத்தில் ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பும்போது டிராமில் அண்ணனின் அழைப்பு. மதினியின் ஃபோனிலிருந்து இல்லாமல் தன் ஃபோனிலிருந்தே கூப்பிட்டிருந்தார்.

"வள்ளி, நேத்து குடிச்சிட்டேன்."

அருவிக்கு வந்த நண்பர்களில் ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனாராம். துக்கத்துக்குப் போன இடத்தில் கை கிளாசுக்கு நீண்டுவிட்டது. நான் டிராமில் நின்றபடி கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இப்ப எங்க இருக்கண்ணே?"

"ஆசுபத்திரிலதான். காலைல மொத பஸ்ஸுல வந்துட்டேன். டாக்டரம்மா மையத்துல தங்கணும்னு சொல்லுதாவ. சரின்னுட்டேன். அத ஒன்கிட்ட சொல்லத்தான் கூப்புட்டேன்."

மதினியிடம் பேசினேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். "நான் ஒரு கேள்வி கேக்கலட்டி. வாசன வந்துச்சு, தெரிஞ்சுது. சொன்ன சொல்லுக்காகச் சும்மா இருந்தேன். விடிஞ்சதும் அவராத்தான் பைய எடுத்தாரு. ரெண்டு வேட்டி, பல்லு தேய்க்க பிரஷ்ஷு. தங்கச் சொன்னா தங்கணும்லான்னு அவரே சொல்லுதாரு" என்றார். "என்னால நம்ப முடியல வள்ளி" என்றார் பிறகு.

எனக்கும்தான். சித்தப்பா கட்டி இழுத்துக்கொண்டு போக நினைத்த அதே வாசலுக்கு அண்ணன் பஸ் டிக்கெட் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தங்குவது வேண்டாம் என்று அவர் சொன்னதும் உண்மை, இப்போது வேண்டும் என்பதும் உண்மை. நாங்கள் இதை ஒரே தடவையில் முடிவு செய்துவிடக்கூடிய காரியம் என்று நினைத்திருந்தோம்.

ஹோல்கரிடம் சொன்னேன். "மறுநாளே போனாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். "எனக்கு அந்த மறுநாள் வருவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். இது அவர் எனக்குச் சொல்லியிராத பகுதி.

7

பொங்கலுக்கு மீராவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். அண்ணன் மையத்தில் தங்கி முடித்து வந்து, மறுபடி ஓ.பி.க்குப் போய் வந்துகொண்டிருந்தார். மீரா அவரோடு தோப்பைச் சுற்றினாள். அவளுக்கு வார்த்தை வராவிட்டால் அவர் காத்திருந்தார். அவருக்கு அவசரமே இல்லை. மாமாவிடம் இவ்வளவு நேரம் இவள் தமிழ் பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலையில் நானும் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஓ.பி. வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். எங்களுக்குப் பக்கத்தில் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆளுக்கு உடம்பு முழுக்க ஆடியது. வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. அந்தப் பெண், இவர் பழைய ஆள் என்று எப்படியோ கண்டுபிடித்து, அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, அட்மிட் போடச் சொல்லட்டா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி வந்து காட்டட்டா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. எனக்குத் தலயும் புரியல, காலும் புரியல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் நிறையச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் தெரியாதும்மா. நான் ரெண்டுக்கும் போயிருக்கேன்" என்றார். "இந்த நடுக்கம் நிக்குத வரைக்கும் இங்கனதான் இருக்கணும். வீட்டுக்குக் கொண்டு போயிராத. அது மட்டும் தெரியும். பெறவு டாக்டரம்மாட்ட கேளு, அவர்ட்டயும் கேளு."

அந்த ஆள் தலையைத் தூக்கினார். "என்ட்டயா?"

"ஒங்ககிட்டதான்" என்றார் அண்ணன்.

டீக்காரர் வந்தார். அண்ணன் எங்கள் மூவருக்கும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆள் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, "வேணாம் அண்ணாச்சி, கொட்டிரும்" என்றார். அண்ணன் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தார். டீயை ஊதி, தன் விரலில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, கிளாசை அந்த ஆளின் உதட்டருகே கொண்டுபோனார். இன்னொரு கையால் அவர் பிடரியைத் தாங்கிக்கொண்டார். அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினார். அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

உள்ளேயிருந்து நர்ஸ், "சண்முகவேல்!" என்று கூப்பிட்டார். அண்ணன் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டது கேட்கவில்லையோ என்று நான் அவர் தோளைத் தொட்டேன்.

அவர் கிளாசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "அடுத்த ஆளக் கூப்பிடுங்க சிஸ்டர். இவரு குடிச்சு முடிக்கட்டும்."